பெல்போர் படிகள்

புதுச்சேரி

அன்பு மகளுக்கு,

பாரிஸ் மெட்ரோவின் பெல்போர் நிலையத்தில் லிஃப்டுக்குக் காத்திருக்க முடியாமல் படியேறி வந்ததாக நேற்று போனில் சொன்னாய். ஏழாம் மாதத்தில் அந்தப் படிகளா? கேட்டதிலிருந்து எனக்கு மனது ஆறவில்லை.

போன ஆண்டு உன் வீட்டில் தங்கியிருந்தபோது அந்த ரயிலில்தான் நாள்தோறும் போய்வந்தேன். காம்பெத்தா, பெல்போர், சேன் ஃபர்ஜோ, போர்த் தே லிலா. மொத்தமே நான்கு நிலையங்கள், 1.3 கிலோமீட்டர். பையை மடியில் வைத்து நிமிர்வதற்குள் பயணம் முடிந்துவிடும். மாப்பிள்ளை அதைத் 'துண்டு லைன்' என்றார். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. 1905இல் காம்பெத்தா வரை வந்த மூன்றாம் எண் பாதையை 1921இல் மேட்டின்மேல் போர்த் தே லிலா வரை நீட்டினார்கள். ஐம்பது ஆண்டுகள் அந்த மேட்டு ஜனங்கள் வண்டி மாறாமலே நகரத்துக்குள் போய்வந்தார்கள். 1971இல் மூன்றாம் பாதையைப் பாஞோலே பக்கம் கலியேனிக்குத் திருப்பியபோதுதான் இது தனியாகப் பிரிந்தது. வீட்டு எண்ணில் நாம் 3-அ என்று போடுவதைப்போல '3 பிஸ்' என்று பெயரும் வைத்தார்கள்.

போர்த் தே லிலாவில் 1939இலிருந்து பயணிகள் ஏறாத ஒரு நடைமேடை இருக்கிறது. அங்கே சினிமாப் படப்பிடிப்பு நடக்குமாம். அதைப் பார்க்க முடியாமல் திரும்பியதில் எனக்கு இன்னும் குறைதான்.

காம்பெத்தாவில் வண்டி மாறும்போதெல்லாம் எனக்கு விழுப்புரம்தான் நினைவுக்கு வந்தது. 1879இல் போட்ட நம் பாதையும் கிளைப்பாதைதானே. நீ சிறுமியாக இருந்தபோது அதில் மீட்டர் கேஜ் வண்டி ஓடியது. வில்லியனூர் தாண்டுவதற்குள் தூங்கிவிடுவாய். சின்னபாபுசமுத்திரம், வளவனூர் எதுவும் உனக்குத் தெரியாது. விழுப்புரத்தில் உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு, மறுகையில் பெட்டியோடு நடைமேடை மாறுவேன். மெட்ராஸ் வண்டி கிளம்பிவிடுமோ என்று அம்மா பதறினாலும் நான் ஓடமாட்டேன். தோளில் நீ இருந்தாய்.

அந்தப் பகுதி மேடு என்பதால் பெல்போர் நிலையம் அவ்வளவு ஆழத்தில் இருக்கிறது. லிஃப்ட் வரும்வரை நில். கூட்டமாக இருந்தால் அடுத்த முறை ஏறு. காம்பெத்தாவிலும் ஓடாதே, அடுத்த வண்டி சில நிமிடங்களில் வந்துவிடும்.

பிரசவ லேகியத்துக்கு அம்மா சுக்கு இடிக்கத் தொடங்கிவிட்டாள். வளைகாப்பு வளையல்களைப் பஞ்சில் சுற்றி வைத்திருக்கிறோம். வரும்போது கையிலேயே கொண்டுவருகிறேன், பெட்டியில் போடமாட்டேன்.

அன்புடன்,
அப்பா