புல்தரைக் காளானும் பூஞ்சைக்கொல்லியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழைகளையும் பெறும் நம் குமரி மாவட்டத்தில், வீட்டு முற்றத்துப் புல்தரையில் காளான் முளைப்பது புதுமையல்ல. ஆனால் அதைக் கண்டவுடன் பதறி, பிளீச்சிங் பவுடரையோ மண்ணெண்ணெயையோ பூஞ்சைக்கொல்லியையோ கொண்டுபோய் ஊற்றுவது எங்கள் பகுதியில் வழக்கமாகிவிட்டது. அதே தவற்றைச் செய்து, கைக்காசையும் இழந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

தக்கலைக்கு அருகே எங்கள் வீடு இருக்கும் இடம் முன்பு விளையாக, அதாவது மரங்கள் நின்ற தோப்பாக, இருந்தது. வீடு கட்டும்போது அங்கு நின்ற அயனி மரத்தை வெட்டித் தடியை விற்றோம். அடிக்கட்டையையும் வேரையும் தோண்டி எடுக்கக் கூலி அதிகமாகும் என்று அப்படியே விட்டு, மேலே செம்மண் நிரப்பிக் கொரியன் புல் பதித்தோம். நான்கைந்து ஆண்டுகள் கழித்து, ஆனி மாத மழையில் வெள்ளைக் குடைகள் எழுந்தன. செடி விற்கும் கடையில் கொடுத்த மருந்தைக் கரைத்து ஊற்றினேன். குடைகள் கருகின; பத்தே நாளில் மறுபடியும் வந்தன. பிறகு, ரப்பர் மரங்களுக்குப் போர்டோ கலவை என்ற பூஞ்சைக்கொல்லி தயாரிக்க வாங்கி மிச்சமிருந்த மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) கரைத்து ஊற்றியதில், புல்தான் பழுத்தது. கிணறு பதினைந்து அடி தூரத்தில்தான் இருக்கிறது என்று என் மனைவி கடிந்துகொண்ட பிறகே நிறுத்தினேன்.

போர்டோ கலவை இலைமேல் படிந்து, அங்கு வந்து விழும் பூஞ்சை வித்துகள் முளைக்காமல் தடுப்பது. மண்ணுக்கடியில் மட்கும் மரத்துக்குள் குடியிருக்கும் பூஞ்சையை அது எட்டுவதில்லை. நாம் காளான் என்று பார்ப்பது பூஞ்சையின் காய் போன்ற பகுதி மட்டுமே. அதன் உடல் வெள்ளை நூல்களாக மண்ணிலும் மரத்திலும் பரவிக் கிடக்கிறது. மாங்காயைப் பறிப்பதால் மாமரம் பட்டுப்போவதில்லை அல்லவா?

ஒருநாள் மாடியிலிருந்து பார்த்தபோதுதான், குடைகள் கண்ட இடத்தில் முளைக்காமல் ஒரு கோணல் கோட்டில் வரிசையாக நிற்பதைக் கவனித்தேன். அது அயனியின் வேர் போன தடம். ஓரடி ஆழம் தோண்டியதும், தேநீரில் ஊறிய ரஸ்க் போல விரலுக்கே பிய்ந்துவரும் மரத்துண்டுகளும், அவற்றினூடே பின்னிக்கிடந்த வெள்ளை நூல்களும் வெளிப்பட்டன. இரண்டு ஆட்களுக்கு அரைநாள் வேலை. மண் மாற்றிய இடத்தில் அதன் பின் காளான் இல்லை. மதில்சுவரின் அடியில் போன வேரை மட்டும் விட்டுவிட்டோம். அது முழுவதும் மட்கித் தீரும்வரை அங்கே நாலைந்து குடைகள் வரத்தான் செய்யும். இவற்றில் பெரும்பாலானவை பட்ட மரத்தைத் தின்பவையேயன்றிப் புல்லுக்குப் பகையல்ல. காளான்கள் வட்டமாக முளைத்து, அந்த வட்டத்தில் புல் காய்ந்தால் மட்டும் கவனிக்க வேண்டும். நூல்கள் நெருங்கிய மண்ணில் தண்ணீர் இறங்காது என்பதால், கம்பியால் நெருக்கமாகத் துளையிட்டு நிதானமாக நனைக்க வேண்டும்.

உண்மையில் அஞ்ச வேண்டியது, இவற்றை யாரேனும் சமைத்துவிடுவார்களோ என்பதற்கே. மழைக்காலத்தில் புற்றுக்காளானை விரும்பி உண்டு பழகிய குடும்பங்கள் இங்கு உண்டு. புல்தரையில் வளரும் குளோரோஃபில்லம் மோலிப்டைட்டிஸ் என்ற நச்சுக்காளானும் பெரிதாக, வெள்ளையாக, மேலே பழுப்புச் செதில்களுடன், பார்ப்பவரை ஏமாற்றும் அழகோடு இருக்கும். உண்ட சில மணி நேரத்தில் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். எங்கள் முற்றத்துக் குடை ஒன்றை வெள்ளைத்தாளில் கவிழ்த்து, பாத்திரத்தால் மூடி ஓர் இரவு வைத்தேன். காலையில் தாளில் மங்கிய பச்சைப் பொடி கோடு கோடாகப் படிந்திருந்தது. அந்த வகையின் அடையாளம் அது. பச்சை படியாவிட்டால் உண்ணலாம் என்று பொருளல்ல. வெள்ளிக்காசு கறுக்கவில்லை, சேர்த்த மஞ்சள்தூளின் நிறம் மாறவில்லை, நத்தை கடித்திருக்கிறது என்பன போன்ற வீட்டுச் சோதனைகள் எதையும் நம்பலாகாது. கொதிக்க வைத்தாலும் எல்லா நஞ்சும் நீங்கிவிடாது. சிறு குழந்தைகள் உள்ள வீடுகளில், குடை விரியும் முன்பே கையுறையுடன் பிடுங்கிக் குப்பையில் சேர்த்துவிடுவது நல்லது. தப்பித்தவறி யாரேனும் தின்றுவிட்டால், வாந்தி வரட்டும் என்று காத்திராமல், மீதமுள்ள காளானைத் தாளில் பொதிந்து எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

திருப்பதிசாரத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையம், மழை தொடங்கும் முன்பே இத்தகைய காளான்களின் வண்ணப்படங்களை ஊராட்சி அலுவலகங்களிலும் நியாயவிலைக் கடைகளிலும் ஒட்ட ஏற்பாடு செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தங்கள் நாளிதழும் அப்படங்களை ஒருநாள் வெளியிட்டு உதவ வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.