ஹூஸ்டனிலிருந்து அண்ணனுக்கு

ஹூஸ்டன், டெக்சாஸ்
18-1-1976

அன்புள்ள அண்ணனுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். அங்கு அம்மா, அண்ணி, குழந்தைகள் அனைவரின் நலமறிய ஆவல். பொங்கலன்று அறையிலேயே பச்சரிசி கிடைத்த மட்டும் பொங்கிச் சாப்பிட்டேன்.

இந்த ஊரில் என்ன பாட்டுக் கேட்கிறார்கள் என்று போன கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். எங்கள் பட்டறையில் ஜன்னல் விளிம்பில் எண்ணெய்ப் பிசுக்கேறிய டிரான்சிஸ்டர் ஒன்று காலை ஏழு மணி முதல் பாடிக்கொண்டே இருக்கிறது. அதில் வருவதெல்லாம் ‘கன்ட்ரி’ என்று இவர்கள் சொல்லும் நாட்டுப்புறப் பாங்கான பாட்டுகள்தாம். இலங்கை வானொலியே கதியென்று கிடக்கும் உங்களுக்கு முதலில் வியப்பளிப்பது, இங்கே பாட்டுக்குச் சினிமா வேண்டியதில்லை என்பதாகத்தான் இருக்கும். பாடகரே கதாநாயகர், மூன்று நிமிடத்துக்குள் ஒரு முழுக் கதையைச் சொல்லி முடித்துவிடுகிறார். பின்னணியில் ஸ்டீல் கிதார் என்றொரு வாத்தியம் இழைகிறது. கோட்டுவாத்தியத்தில் கட்டையை நழுவவிட்டு வாசிப்பார்களே, ஏறக்குறைய அதே முறைதான் என்பதால், அந்த இழைப்பு மட்டும் எனக்கு முதல் நாளே அந்நியமாகப் படவில்லை.

சென்ற ஆண்டின் பாட்டுகளில் நான் மறக்கவே முடியாதது ஃப்ரெடி ஃபெண்டர் பாடிய ‘பிஃபோர் தி நெக்ஸ்ட் டியர்டிராப் ஃபால்ஸ்’. வேறொருவனிடம் போய்விட்ட காதலியிடம், அவன் உன்னை அழவைத்தால் நான் இருக்கிறேன் என்று சொல்லும் எளிய பாட்டு. அதற்கு முன்பே சிலர் பாடி, எடுபடாமல் போனது. இவர் அதை எங்கள் ஹூஸ்டனிலேயே பதிவு செய்தபோது, நடுவில் ஒரு பகுதியை ஸ்பானிஷ் மொழியில் பாடினார். மார்ச் மாதம் கன்ட்ரி பாட்டுகளின் தரவரிசைப் பட்டியலிலும், மே இறுதியில் எல்லாவகைப் பாட்டுகளுக்குமான பொதுப் பட்டியலிலும் அது முதலிடம் பிடித்தது. அவருடைய இயற்பெயர் பால்டெமர் உவெர்ட்டா. டெக்சாஸின் தென்கோடியில் சான் பெனிட்டோ என்ற ஊரில் மெக்சிகோ வழிவந்த குடும்பத்தில் பிறந்தவர். 1960இல் கஞ்சா வழக்கில் சிறைக்குப் போய், வெளியே வந்தபின் கார் பழுதுபார்த்துப் பிழைத்திருக்கிறார். முப்பத்தெட்டாம் வயதில்தான் இந்த வாழ்வு வந்திருக்கிறது.

எங்கள் பட்டறையில் லேத்தில் நிற்கும் பெரியவரும் அந்த வழியினர்தாம். அந்தப் பாட்டு வந்தால் முதல் பகுதி முடியும்வரை வேலை செய்துகொண்டே இருப்பார். ஸ்பானிஷ் தொடங்கும்போது சுவிட்சை அணைத்து, கையிலிருந்த துணியால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைப்பார். மறுபடி ஆங்கிலம் வந்ததும் லேத் ஓடும். அவர் பாடியோ, அழுதோ நான் பார்த்ததில்லை. ஒரு நாள் மேற்பார்வையாளர் அந்த நேரத்தில் வந்து நின்றார். அவரும் ஒன்றும் சொல்லாமல் காத்திருந்துவிட்டுப் போனார்.

அக்டோபரில் நாஷ்வில் நகரத்தில் நடந்த கன்ட்ரி இசை விருது விழாவைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். முந்திய ஆண்டின் சிறந்த கலைஞரான சார்லி ரிச், அந்த ஆண்டுக்குரியவரை அறிவிக்க வந்தவர், உறையைப் பிரித்து, சீட்டுக்கு சிகரெட் லைட்டரால் தீ வைத்துக்கொண்டே பாடகர் ஜான் டென்வரின் பெயரைச் சொன்னார். ஆஸ்திரேலியாவிலிருந்து செயற்கைக்கோள் வழியே தோன்றிய டென்வருக்கு இங்கே நடந்தது தெரியாததால், சிரித்தபடி நன்றி சொன்னார்! நகரத்துப் பாணிப் பாடகர்கள் புகுந்து கலப்படம் செய்கிறார்கள் என்ற கோபமா, குடித்துவிட்டு விளையாடினாரா என்று பட்டறையில் ஒரு வாரம் வாதம் நடந்தது. என்னைக் கேட்டால், கலப்படம் என்று சொல்லப்படுகிறவற்றில்தான் நல்ல மெட்டுகள் இருக்கின்றன. க்ளென் கேம்ப்பெல்லின் ‘ரைன்ஸ்டோன் கவ்பாய்’ இரண்டு பட்டியல்களிலும் முதலிடம் பெற்றது. பழைய காருக்கு நான் பணம் கட்டிக்கொண்டிருந்த கோடை முழுவதும் அதைத்தான் முணுமுணுத்தேன். ஆனால் வில்லி நெல்சனின் ‘ப்ளூ ஐஸ் க்ரையிங் இன் தி ரெயின்’ வேறு வகை. வயலின் கூட்டமோ கோரஸோ இல்லாமல், பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போன்ற பாட்டு. இத்தனை ஆண்டுகள் பிறருக்குப் பாட்டெழுதிய அந்த டெக்சாஸ்காரருக்குப் பாடகராகக் கிடைத்த முதல் முதலிடம் அதுதான்.

இதை மட்டும் அம்மாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டாம். லொரெட்டா லின் என்ற பாடகி, ஆறு குழந்தைகளைப் பெற்றவர், கருத்தடை மாத்திரையைப் பற்றியே ஒரு பாட்டுப் பாடினார். பல வானொலி நிலையங்கள் அதை ஒலிபரப்ப மறுத்தும் முதல் ஐந்து இடங்களுக்குள் வந்துவிட்டது. நம்மூரில் சர்க்காரே குடும்பக் கட்டுப்பாட்டுக்காகச் சுவருக்குச் சுவர் சிவப்பு முக்கோணம் வரைந்து வைத்திருப்பதைச் சொன்னேன், ஒருவரும் நம்பவில்லை.

இப்போது ஓடிக்கொண்டிருப்பது சி.டபிள்யூ. மெக்கால் பேசியே பாடும் ‘கான்வாய்’. பெட்ரோல் நெருக்கடிக்குப் பின் நெடுஞ்சாலைகளில் மணிக்கு 55 மைல் என்று வேகத்துக்கு எல்லை கட்டிவிட்டதால், லாரி ஓட்டுநர்கள் வண்டியிலேயே சிறு வானொலிக் கருவி வைத்து, போலீஸ் மறைந்திருக்கும் இடத்தை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். அவர்கள் பாஷையில் போலீஸ்காரர் கரடி. அந்தக் குறிமொழி நிரம்பிய பாட்டு என்பதால் முதல் பத்துத் தடவை எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை.

இந்த வாரம் சென்னை செல்லும் நண்பரிடம் ஃபெண்டரின் இசைத்தட்டைக் கொடுத்தனுப்பியிருக்கிறேன். இந்த ஊர்த் தட்டுகளுக்கு நடுவில் ஓட்டை பெரிது. நம் வீட்டுக் கருவியின் கம்பியில் ஆடும். அதற்காக மஞ்சள் பிளாஸ்டிக் வில்லை ஒன்றும் உறைக்குள் இருக்கிறது, எறிந்துவிட வேண்டாம். நடுப்பகுதி வரும்போது அம்மாவையும் கூப்பிடுங்கள். உங்களுக்கும் அண்ணிக்கும் ஆங்கிலம் தெரியும், அம்மாவுக்குத் தெரியாது. ஆனால் அந்த இடத்தில் நம் வீட்டில் யாருக்குமே ஒன்றும் புரியாது.

இப்படிக்கு,
தங்கள் அன்புத் தம்பி