மலைக்கு நிமிடக் கணக்கு வேண்டும்: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய துறைச் செயலர் அவர்களுக்கு, வணக்கம்.

2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. திரும்பும்போது சாலை இல்லாமல் ஆம்புலன்ஸ் பாதியில் நின்றுவிட, பெற்ற தாய் அந்த உடலைச் சுமந்துகொண்டு மலையேறினார். அந்தச் செய்தி இன்னும் என் மனதை விட்டுப் போகவில்லை.

சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், மலையில் 20,000 பேருக்கு ஒன்று. துணை சுகாதார நிலையம் என்றால் 5,000, 3,000. சரி, இந்தத் தலைக்கணக்கு இருக்கட்டும். ஆனால் மலையில் 3,000 பேர் ஒரே இடத்திலா இருக்கிறார்கள்? இங்கே இருபது வீடு, ஓடையைத் தாண்டிப் பதினைந்து வீடு, அதற்கும் மேலே நாலு குடிசை. நிலையத்தைச் சுற்றி ஐந்து கிலோமீட்டருக்கு வட்டம் போட்டால் எல்லாரும் உள்ளே வந்துவிடுவார்கள். கர்ப்பிணியைத் தொட்டில் கட்டித் தூக்கிக்கொண்டு இறங்குகிறவர்களுக்கு அந்த ஐந்து கிலோமீட்டர் எவ்வளவு நேரம் என்று வட்டம் சொல்லாது.

இதைக் கணக்கிடக் கருவி இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் ஆக்செஸ்மாட் என்ற மென்பொருளை இலவசமாகவே தருகிறது. நிலத்தின் ஏற்ற இறக்கம், காடு, ஆறு, சாலை, நடை வேகம் எல்லாவற்றையும் கொடுத்தால், எந்தக் குடியிருப்பிலிருந்து சிகிச்சைக்கு எத்தனை நிமிடம் என்று வரைந்து காட்டும். நிலத்தின் உயரத் தரவு நம் இஸ்ரோவின் புவன் என்ற வரைபட இணையதளத்திலேயே கிடைக்கிறது.

கிடைக்காதது ஒற்றையடிப் பாதைகள். அவை கிராம சுகாதாரச் செவிலியருக்கும் ஊர்ப் பிள்ளைகளுக்கும்தான் தெரியும். நடக்கும் பாதை பதிவாகும்படி ஆளுக்கொரு கைபேசியோடு அவர்களை நடக்கச் சொல்லுங்கள். அதற்குரிய கூலியையும் கொடுங்கள்.

அப்புறம், மழைக்காலத்துக்குத் தனி வரைபடம் கட்டாயம் வேண்டும். ஈரோடு மாவட்டம் கடம்பூர் மலையில் மாக்கம்பாளையம் போகிற வழியில் குரும்பூர்ப் பள்ளம், சர்க்கரைப் பள்ளம் என்ற இரண்டு காட்டோடைகள் குறுக்கிடுகின்றன. வெள்ளம் வந்து அந்த ஊர் துண்டிக்கப்பட்ட நாட்கள் எத்தனையோ. கோடையில் வரைந்த படத்தில் அவை வெறும் நீலக் கோடுகள்.

அல்லேரி, ஜவ்வாது, கல்வராயன் மூன்று மலைகளிலும் இந்த வேலையை முதலில் தொடங்குங்கள். வரைபடம் தயாரானதும் அந்தந்த ஊர்க் கிராம சபையில் விரித்து வையுங்கள். பாதை தவறாக இருந்தால் அங்கேயே சொல்லிவிடுவார்கள். புதிய நிலையத்துக்கு இடம் குறிப்பதும், ஆம்புலன்ஸை எங்கே நிறுத்துவதென்று முடிவெடுப்பதும் அதற்குப் பிறகு நடக்கட்டும்.

அன்புடன்,
மலையூர்களுக்குப் போய்வரும் ஒருவன்