சாப்பாட்டுக்குப் பிறகும் கேஸ் பாருங்கள்

கப்பல் பட்டறைப் பாதுகாப்பு அதிகாரிகளுக்கும் தொட்டி சுத்தம் செய்யும் குத்தகைக்காரர்களுக்கும்,

வணக்கம்.

போன வாரம் சிங்கப்பூர் துவாஸில் கச்சா எண்ணெய்க் கப்பல் தொட்டிக்குள் எங்கள் குழுத் தம்பி மயங்கி விழுந்தது உங்களுக்குத் தெரியும். பிழைத்துக்கொண்டான். வெக்கை தாங்காமல் விழுந்தான் என்று அறிக்கையை முடித்துவிட்டார்கள். அன்று மதியம் கேஸ் பார்க்கவே இல்லை, அதாவது தொட்டிக் காற்றை மீட்டர் வைத்துச் சோதிக்கவே இல்லை என்பது அதில் இல்லை.

காலையில் பார்த்தார்கள். ஆக்சிஜன் 20.9 சதவீதம், எரிவாயு பூஜ்யம், உள்ளே இறங்க அனுமதிக்கும் பெர்மிட் தாள் ஒட்டியாயிற்று. சரி, அது காலை நிலவரம். அடியில் முழங்கால் அளவு ஸ்லட்ஜ், அதாவது எண்ணெய்க் கசடு கிடந்தது. அதை வெட்டி வாளியில் அள்ளும்போதுதான் உள்ளே அடைபட்ட ஆவி கிளம்பும். அதில் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற விஷவாயு இருந்தால் முதலில் அழுகிய முட்டை நாற்றம் வரும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. "நாத்தம் போயிடுச்சுல்ல, வேலையப் பாருங்க" என்று மேலிருந்து கத்துகிற சூப்பர்வைசருக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லையா?

சாப்பிட ஏறிய நேரத்தில், உள்ளே காற்று அடிக்கும் ப்ளோவரை நிறுத்திவிட்டார்கள். திரும்ப இறங்கியபோது அதே காலைப் பெர்மிட். குழுவுக்கே ஒரு கேஸ் மீட்டர்தான், அதுவும் மேலே மேன்ஹோல் பக்கம் நின்றவர் இடுப்பில். தம்பி குனிந்து அள்ளியது அடியில், மூலையில். ஹைட்ரஜன் சல்ஃபைடு காற்றைவிடக் கனம், அங்கேதான் தங்கும்.

நாங்கள் கேட்பது இதுதான். ஒவ்வொரு முறை ஆள் இறங்கும் முன்பும் மேல், நடு, அடி என்று கேஸ் பாருங்கள். அள்ளும் இடத்தில் ஒரு மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கட்டும்.

புதிதாக எதையும் கேட்கவில்லை. ஆட்கள் உள்ளே இருக்கும்போதும் அவ்வப்போது காற்றைச் சோதிக்க வேண்டும் என்று தொட்டி போன்ற அடைபட்ட இடங்களுக்கான 2009ஆம் ஆண்டு சிங்கப்பூர் விதிமுறைகளிலேயே இருக்கிறது. 1978 அக்டோபரில் ஜூரோங்கில் ஸ்பைரோஸ் கப்பல் வெடித்து 76 பேர் செத்த ஊர் இது. தொட்டியில் தங்கும் ஆவி என்ன செய்யும் என்று இங்கே யாருக்கும் தனியாகச் சொல்ல வேண்டாம். ஆனாலும் கப்பல் கிளம்ப வேண்டிய தேதி நெருங்கினால் எல்லாம் மறந்துபோகிறது. வேலைக்கு முன் நடக்கும் டூல்பாக்ஸ் மீட்டிங்கில் பாதுகாப்பு விவரங்களை ஆங்கிலத்தில் வேகமாகப் படித்துவிட்டுக் கையெழுத்து வாங்குகிறீர்கள். புரிந்ததா என்று ஒருவர்கூடக் கேட்பதில்லை. ஏதாவது ஆகிவிட்டால் மட்டும் அந்தக் கையெழுத்தை எடுத்துக் காட்டுகிறீர்கள்.

கோபம் இருக்கிறது ஐயா, பொறுத்துக்கொள்ளுங்கள். தம்பி சீக்கிரமே வேலைக்குத் திரும்புகிறான். அதற்குள் பெர்மிட் தாளில், சாப்பாட்டுக்குப் பிறகு கேஸ் பார்த்த நேரத்தையும் அளவையும் எழுத ஒரு கட்டம் சேர்த்துத் தாருங்கள். அது நிரம்பாமல் யாரையும் இறக்காதீர்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
துவாஸ் தொட்டித் தொழிலாளி ஒருவன்