வெளிநாட்டு மறுவாழ்வு மையம்: முதல் வாரத்தைப் பற்றிக் கேளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடிநோய்க்கும் போதைப்பழக்கத்துக்கும் வெளிநாடு போய்ச் சிகிச்சை பெறுவது பற்றிய விளம்பரங்களும் அறிமுகக் கட்டுரைகளும் இப்போது அடிக்கடி கண்ணில் படுகின்றன. நீச்சல் குளம், மலைக்காற்று, தனி அறை, யோகா, ரகசியம் காக்கப்படும் என்ற உறுதிமொழி என எல்லாம் அவற்றில் இருக்கும். முதல் ஐந்து இரவும் பணியில் டாக்டர் இருப்பாரா என்ற விவரம் மட்டும் இருக்காது. நாங்கள் இந்தத் துறையில் வேலை செய்கிறவர்கள். ஒரு குடும்பம் முன்பணம் கட்டுவதற்கு முன்னால் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

முதலில் பயணம். தினமும் அதிகமாகக் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் சில மணி நேரத்திலேயே கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும். வலிப்பு வருவதாக இருந்தால் பெரும்பாலும் 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்றுவது, இல்லாததைப் பார்ப்பது, காய்ச்சல், நாடி எகிறுவது என்று போகும் ‘டெலிரியம் ட்ரெமன்ஸ்’ 48 முதல் 96 மணி நேரத்தில் தலைகாட்டும். அதைக் கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. இந்தக் கணக்கைப் பயணத்தோடு சேர்த்துப் பாருங்கள். வீட்டிலிருந்து விமான நிலையம், காத்திருப்பு, ஒரு விமானம், மாறுவதற்கு இன்னொரு விமானம், இறங்கியபின் மையம் வரை கார் என்று 20 மணி நேரம் சுலபமாக ஓடிவிடும். ‘இனிமேல் தொடவே மாட்டேன்’ என்று கிளம்புகிற அன்று காலையில் நிறுத்தியவருக்கு, வலிப்பு வரக்கூடிய நேரம் நடுவானில் வந்து நிற்கிறது. அதற்குப் பயந்து நிறையக் குடித்துவிட்டுப் போனால் விமானத்தில் ஏற்றவே மாட்டார்கள். முன்பு வலிப்பு வந்தவர்கள், டெலிரியம் வந்தவர்கள், கல்லீரல் பழுதானவர்கள், இதய நோயாளிகள் ஆகியோர் உள்ளூர் மருத்துவமனையிலேயே முதல் ஒரு வாரச் சிகிச்சையை முடித்துக்கொண்டு கிளம்புவதே பாதுகாப்பு. பொறுப்பான மையம் இதைத் தானாகவே சொல்லும். நோயாளியின் பழைய மருத்துவக் குறிப்பைக் கேட்காமலேயே ‘முதலில் வந்து சேருங்கள், பார்த்துக்கொள்ளலாம்’ என்று சொல்லும் மையத்தைப் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம்.

அடுத்து, மையத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: ‘குடியை நிறுத்தும்போது என்ன மருந்து தருவீர்கள், அளவை எப்படி முடிவு செய்வீர்கள்?’ பதில் எப்படி வருகிறது என்பதை வைத்தே பாதி விஷயம் புரிந்துவிடும். நடுக்கத்தையும் வலிப்பையும் அடக்க டயசிபாம் அல்லது குளோர்டயசிபாக்சைடு, கல்லீரல் கெட்டிருந்தால் அதே வகை லோராசிபாம், நர்ஸ் சில மணி நேரத்துக்கு ஒருமுறை நடுக்கம், வியர்வை, பதற்றம் முதலியவற்றுக்கு மதிப்பெண் போட்டு மருந்தைக் கூட்டிக் குறைப்பது, இவற்றோடு தயமின் ஊசி. இப்படிப் பதில் வந்தால் அங்கே மருத்துவம் நடக்கிறது என்று பொருள். தயமின் என்பது வைட்டமின் பி1 தான். நீண்ட நாள் குடித்தவர்களின் குடல் அதை மாத்திரையாகக் கொடுத்தால் சரியாக உறிஞ்சாது, அதனால்தான் ஊசி. அது குறைந்துபோனால் குழப்பம், கண் அசைவுக் கோளாறு, நடை தள்ளாட்டம் ஆகியவை வந்து, நினைவாற்றலே நிரந்தரமாகப் போய்விடலாம். ‘ரசாயனம் எதுவும் இல்லை, இயற்கை முறையில் உடலைச் சுத்தம் செய்கிறோம்’ என்று பதில் வந்தால், நாள்தோறும் குடித்தவரை அங்கே அனுப்பக் கூடாது.

கூடவே, தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனை எத்தனை நிமிட தூரத்தில் இருக்கிறது, அந்த மருத்துவமனையோடு எழுத்துபூர்வமான ஏற்பாடு உண்டா என்றும் கேளுங்கள். முன்பணம் கட்டினால்தான் வெளிநாட்டவரைச் சேர்ப்போம் என்று சொல்லும் மருத்துவமனைகள் உண்டு. நள்ளிரவில் அந்தப் பணத்தை யார் கட்டுவார்கள் என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். பயணக் காப்பீட்டை நம்பி இருக்காதீர்கள். மது, போதை தொடர்பான சிகிச்சையைப் பெரும்பாலான பயணக் காப்பீடுகள் ஏற்பதில்லை.

ஹெராயின், வலி மாத்திரைகள் போன்ற ஓபியாய்டு பழக்கத்துக்குக் கணக்கே வேறு. இந்தப் பழக்கத்துக்கு மாற்றாக டாக்டர் மேற்பார்வையில் தரப்படும் மெத்தடோன், புப்ரநார்ஃபின் ஆகிய மருந்துகள் இரண்டும் 2005 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் ரஷ்யா போன்ற நாடுகளில் போதைச் சிகிச்சைக்கு அவற்றைத் தர அனுமதியே இல்லை. இவற்றில் நிலையாக இருக்கும் ஒருவரை ‘மருந்தே கூடாது’ என்ற கொள்கையுள்ள மையத்தில் சேர்ப்பது பெரிய ஆபத்து. உடல் சுத்தமானதும் பழைய அளவைத் தாங்கும் சக்தி போய்விடுகிறது. ஊர் திரும்பியதும் பழைய பழக்கத்தில் பழைய அளவை எடுத்தால் மூச்சே நின்றுவிடலாம். சிகிச்சை முடித்து வெளியே வந்த முதல் சில வாரங்களில்தான் இந்த ஆபத்து அதிகம். திரும்பும்போது நோயாளிக்கும் குடும்பத்துக்கும் நலாக்சோன் (ஓபியாய்டு அளவு மீறியவரின் மூச்சை மீட்கும் அவசர மருந்து) கையில் கொடுத்து, பயன்படுத்தவும் கற்றுக்கொடுப்பார்களா என்று கேளுங்கள்.

மருந்து தொடங்கும் நேரமும் முக்கியம். கடைசியாக ஹெராயின் எடுத்து 12 முதல் 24 மணி நேரம் ஆகி, நிறுத்தியதால் வரும் அறிகுறிகள் நன்றாகத் தெரிந்த பிறகே புப்ரநார்ஃபின் தொடங்கலாம். மெத்தடோனிலிருந்து மாறுகிறவர் இன்னும் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் மருந்தே கடுமையான அவஸ்தையைக் கிளப்பிவிடும், நோயாளி அன்றைக்கே கிளம்பிப் போய்விடுவார். ஓபியாய்டு வேலை செய்யாமல் தடுக்கும் நால்ட்ரெக்சோனுக்கு 7 முதல் 10 நாள் வரை ஓபியாய்டு எதுவும் எடுக்காமல் இருந்திருக்க வேண்டும். மயக்க மருந்து கொடுத்து ஒரே நாளில் போதையை எடுத்துவிடுவதாகச் சொல்லும் முறையில் மரணங்கள் பதிவாகியுள்ளன. சொந்த நாட்டில் தடை என்பதால் எல்லை தாண்டிப் போய்ப் பலர் எடுத்துக்கொள்ளும் இபோகெயின் என்ற தாவரப் பொருள் இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கக்கூடியது. அதிலும் உயிர்கள் போயிருக்கின்றன. மெத்தாம்ஃபெட்டமின், கோகெயின் பழக்கத்துக்கு ஏற்கப்பட்ட மருந்து என்று இன்றுவரை எதுவும் இல்லை. அதற்கு ‘சிறப்பு ஊசி’ விற்கிறவர்களிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

மொழியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் மக்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். ‘எங்கள் ஊழியர்கள் ஆங்கிலம் பேசுவார்கள்’ என்பது சாப்பாடு கேட்கவும் மாத்திரை வாங்கவும் போதும். ஆனால் அப்பா மேல் இருக்கும் கோபத்தையும், பிள்ளைகள் முன்னால் தலைகுனிந்து நின்ற அவமானத்தையும் மனிதன் தன் மொழியில்தான் பேசுவான். வாரத்துக்குத் தனி ஆலோசனை எத்தனை மணி நேரம், அதை நடத்துகிறவரின் படிப்பும் பதிவும் என்ன, எந்த மொழியில் நடக்கும் என்று கேளுங்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டியிருந்தால் மையமே பயிற்சி பெற்றவரை அமர்த்த வேண்டும். மனைவியையோ அண்ணனையோ உட்காரவைத்தால், எதற்காகப் பேச வந்தாரோ அதையே அவர் மறைத்துவிடுவார். குழு அமர்வில் எட்டுப் பேர் ஒரு மொழியில் பேசிச் சிரிக்க, ஒருவர் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அது அவருக்குச் சிகிச்சை ஆகாது. உங்கள் மொழி பேசும் நோயாளிகள் இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கூச்சப்படாமல் கேட்கலாம்.

உரிமத்தை மையம் அனுப்பும் புகைப்படத்தில் பார்க்காமல், அந்த நாட்டுச் சுகாதாரத் துறையின் இணையதளத்தில் எண்ணைப் போட்டுப் பாருங்கள். மருத்துவமனை உரிமமா, தங்கும் விடுதி உரிமமா என்பதும் அங்கே தெரியும். ஜேசிஐ, கார்ஃப் போன்ற தரச்சான்றுகளை அந்தந்த அமைப்பின் தளத்திலேயே சரிபார்க்கலாம். முகவரியையும் ஒப்பிடுங்கள், ஒரு கிளைக்குக் கிடைத்த சான்றைப் பல கிளைகளுக்கும் காட்டும் வழக்கம் உண்டு. ‘இலவச வழிகாட்டல்’ தரும் தொலைபேசி எண்களுக்குப் பின்னால் பெரும்பாலும் கமிஷன் இருக்கிறது. போதைச் சிகிச்சைக்கு நோயாளியை அனுப்பிக் கமிஷன் வாங்குவதை அமெரிக்கா 2018-இல் கூட்டாட்சிச் சட்டத்தால் குற்றமாக்கியது. ‘இந்த மையத்திடமிருந்து உங்களுக்குப் பணம் வருகிறதா?’ என்று இடைத்தரகரிடம் நேரடியாகவே கேளுங்கள்.

சட்டத்தில் இரண்டு விஷயம். சிங்கப்பூர் போன்ற நாடுகளில் போதைப்பொருள் உட்கொண்டதே குற்றம். சிறுநீர்ச் சோதனையில் போதைப்பொருள் தெரிந்தால் மையம் யாருக்காவது தகவல் சொல்ல வேண்டுமா என்பதை முன்பே எழுதி வாங்குங்கள். எடுத்துச் செல்லும் மருந்து இன்னொன்று. ஒரு நாட்டில் டாக்டர் எழுதிக்கொடுக்கும் மாத்திரை இன்னொரு நாட்டில் கடத்தல் பொருளாகிவிடலாம். அசல் பெட்டி, மருந்துச்சீட்டு, மருந்தின் பொதுப்பெயரும் அளவும் குறித்த டாக்டர் கடிதம் ஆகிய மூன்றும் கைப்பையில் இருக்கட்டும். பல நாடுகள் 30 நாள் அளவுக்கு மேல் அனுமதிப்பதில்லை, சில நாடுகள் முன்அனுமதியும் கேட்கும். போகும் நாட்டின் தூதரகத்தில் விசாரிக்காமல் பெட்டி கட்டாதீர்கள். பாஸ்போர்ட்டை மையம் வாங்கி வைத்தால் ரசீது வேண்டும், கேட்ட நேரத்தில் திருப்பித் தருவோம் என்ற வரியும் ஒப்பந்தத்தில் வேண்டும்.

மையங்கள் வழக்கமாகச் சொல்லும் 28 நாள் என்ற கணக்கு நோயைப் பார்த்துப் போட்டது இல்லை. அமெரிக்காவின் தேசிய போதைப்பொருள் ஆய்வு நிறுவனம் 90 நாளுக்குக் குறைவான சிகிச்சையால் பலன் குறைவு என்றே சொல்லியிருக்கிறது. தூக்க மாத்திரைப் பழக்கத்தில் அளவைக் குறைக்கவே பல வாரங்களோ மாதங்களோ ஆகும். அதனால் வெளிநாட்டில் இருப்பது சிகிச்சையின் தொடக்கம்தான், மீதி ஊரில் நடந்தாக வேண்டும். பெட்டி கட்டும்போதே ஊரில் ஒரு டாக்டரைப் பேசி வையுங்கள். திரும்பிய முதல் வாரத்திலேயே அவரைப் பார்க்க நேரம் வாங்கிவிடுங்கள். டிஸ்சார்ஜ் அறிக்கை அவர் படிக்கும் மொழியில் இருக்க வேண்டும். மருந்துகளைப் பொதுப்பெயரில், அளவோடும் கடைசியாகக் கொடுத்த தேதியோடும் எழுதித்தரச் சொல்லுங்கள். அங்கே தொடங்கும் மருந்து ஊரில் கிடைக்குமா என்பதையும் போகும் முன்பே விசாரியுங்கள். கிடைக்காத மருந்தில் நிலைப்படுத்தி அனுப்பினால் ஒரு மாதத்தில் எல்லாம் வீணாகிவிடும்.

கட்டணத்தில் சோதனைகள், மருந்து, துணைக்கு வருகிறவர் செலவு ஆகியவை சேருமா, பாதியில் திரும்பினால் மீதி நாளுக்குப் பணம் கிடைக்குமா என்று எழுதி வாங்குங்கள். ‘90 சதவீத வெற்றி’ என்று சொன்னால், எத்தனை மாதம் கழித்து எண்ணியது, பாதியில் போனவர்களைச் சேர்த்தா விட்டா என்று கேளுங்கள்.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். இத்தகைய மையங்களின் விளம்பரங்களை வெளியிடும்போது உரிம எண், பொறுப்பு டாக்டரின் பெயரும் பதிவு எண்ணும், இரவில் டாக்டர் இருப்பாரா என்ற தகவல், சிகிச்சை நடக்கும் மொழிகள் ஆகிய நான்கையும் கட்டாயமாகக் கேட்டு வாங்கி அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
போதை நோய்ச் சிகிச்சைப் பணியில் உள்ள வாசகர்கள்