எழுத்தாகத் தாருங்கள்: தொலைநிலைக் கல்வி இயக்குநருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை நடந்த இணையவழி அகமதிப்பீட்டுத் தேர்விலிருந்து பதினோராவது நிமிடத்தில் நான் வெளியேற்றப்பட்டேன். காரணத்தை உங்கள் செயலியே சொன்னது: 'நீங்கள் திரையைப் பார்க்கவில்லை.' இரண்டு முறை எச்சரித்தது. மூன்றாவது முறை தேர்வை மூடிவிட்டது.

செயலி சொன்னதில் பொய் இல்லை. நான் திரையைப் பார்க்கவில்லைதான். பிறந்ததிலிருந்து எதையுமே பார்த்ததில்லை. சேர்க்கைப் படிவத்தில் அதற்கென்று இருந்த கட்டத்தில் குறியிட்டு, அடையாள அட்டை நகலையும் இணைத்துத்தான் கொடுத்தேன். அந்தக் கட்டம் உங்கள் அலுவலகத்தைத் தாண்டிக் கேமராவுக்குப் போய்ச் சேரவில்லை.

அன்று மாலையே உதவி மையத்துக்கு எழுதினேன். 'அருகில் ஒருவரை உதவிக்கு வைத்துக்கொள்ளவும்' என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. தேர்வு விதிமுறையோ அறையில் வேறு எவரும் இருக்கக் கூடாது என்கிறது. பதிலை எழுதியவர் விதிமுறையை வாசித்ததில்லை போலும். அவருக்குக் கண் தெரியும் என்றே நினைக்கிறேன்.

எங்கள் கொங்குப் பக்கத்தில் சண்டைக்குப் போனாலும் 'ங்க' போட்டுத்தான் பேசுவோம். எழுத்தில் அது வராது. இந்த மடலில் எங்காவது காரம் கூடியிருந்தால், அந்த இடத்தில் ஒரு 'ங்க' சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

தேர்வாவது ஒரு நாள் கூத்து. பாடம் அன்றாடம் படவேண்டியது.

நீங்கள் ஏற்றியிருக்கும் பாடங்களில் பாதி, பழைய அச்சுப் புத்தகங்களை ஸ்கேன் செய்த படங்கள். என் லேப்டாப்பில், திரையில் உள்ள எழுத்தைக் குரலாக வாசித்துக் காட்டும் என்விடிஏ என்ற திரைவாசிப்பானுக்கு அவை வெறும் வெள்ளைத் தாள்கள். மீதிப் பாதி பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவை. கண்ணுக்கு அது தமிழாகத் தெரியும். உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள். 'தமிழ்' என்று உங்களுக்குத் தெரிகிற இடத்தில் எழுத்து எழுத்தாக நகர்த்திக் கேட்டால் என் காதில் விழுவது இது: ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. இளங்கலைத் தமிழ் படிக்கிறவளுக்குத் தமிழ் என்ற சொல்லே இப்படித்தான் வந்து சேர்கிறது.

ஆகவே அப்பா வாசிக்கிறார். சோமனூர்ப் பக்கம் வீட்டை ஒட்டிய குடோனில் நான்கு தறிகள் போட்டுக் கூலிக்கு நெய்கிறோம். அப்பா எட்டாம் வகுப்போடு தறிக்கு வந்தவர். பாடத்தை பிரிண்ட் எடுத்துக்கொண்டு, தறியையும் என்னையும் ஒருசேரக் கவனிக்க வாகாக வாசற்படியில் உட்காருவார். தறிச் சத்தத்துக்கு மேலே குரலை ஏற்றி நன்னூல் வாசிப்பார். சீர் பிரித்துப் படிக்க அவருக்கு வராது. மூச்சு முட்டுகிற இடத்தில் நிறுத்துவார். நான் மனத்துக்குள் ஒட்டி, வெட்டிப் பிரெயிலில் குறித்துக்கொள்வேன். நூற்பாவின் நடுவே தறியில் நூல் அறுந்தால் எழுந்து போவார். முடிச்சுப் போட்டுவிட்டுத் திரும்பி வந்து, விட்ட வரியைத் தேடுவார். சில நாள் அது கிடைக்காது, மறுபடி முதலிலிருந்து. 'நான் சரியாகத்தான் வாசிக்கிறேனா கண்ணு?' என்று கேட்பார். அவர் ஒருநாளும் சலித்துக்கொண்டதில்லை. ஆனால் மகள் பட்டம் வாங்க அப்பா இன்னொரு ஷிஃப்ட் பார்க்க வேண்டும் என்று உங்கள் பாடத்திட்டத்தில் எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது?

செவியையே வாயாகவும் நெஞ்சையே கொள்ளும் இடமாகவும் கொண்டு பாடம் கேட்க வேண்டும் என்பது அந்த நன்னூலில் பவணந்தியார் மாணவருக்குச் சொன்ன விதி. பெருந்துறைக்குப் பக்கத்திலுள்ள சீனாபுரம்தான் அவருடைய ஊர் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். அந்த விதிப்படி பார்த்தால் உங்கள் மாணவர்களில் நான்தான் சரியாகப் பாடம் கேட்கிறவள். கேட்பதற்குத்தான் ஒன்றும் தர மறுக்கிறீர்கள்.

நான் புதிதாக எதையும் கேட்கவில்லை. 2010 ஜூனில், எங்கள் ஊரிலிருந்து அவிநாசி சாலையைப் பிடித்தால் வந்துவிடுகிற கொடிசியா வளாகத்தில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தது. அப்போதே, எந்தக் கணினியும் தமிழைத் தமிழாகவே அறிந்துகொள்ளும் யூனிகோட் என்ற ஒருங்குறியை அதிகாரபூர்வத் தரமாகத் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்டது. அன்றைக்கு எடுத்த முடிவு உங்கள் தட்டச்சு அறைக்கு இன்னும் வந்து சேரவில்லை. பழைய எழுத்துருவை ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஸ்கேன் படங்களை எழுத்தாக்கிப் பிழை திருத்த நாளாகும் என்பது எனக்கும் தெரியும், அதற்குக் காத்திருக்கிறேன். தட்டச்சு செய்த பாடங்களுக்கு எதற்காகக் காத்திருக்க வேண்டும்? பாடத்தை எழுத்தாகத் தாருங்கள். படமாக வேண்டாம், ஜே கே பி ஓவாகவும் வேண்டாம்.

வீடியோ வகுப்புகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. புணர்ச்சி விதி நடத்துகிற பேராசிரியர், 'இதோ பாருங்கள், இதுவும் இதுவும் சேர்ந்தால் இப்படி ஆகும்' என்கிறார். எதுவும் எதுவும் என்று எனக்குத் தெரியாது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்துக்கொண்டே என்னோடு படிக்கும் தோழிக்குக் காது கேட்காது. வீடியோவில் வசன வரிகள் இல்லாததால் பேராசிரியர் வாயசைப்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியும். ஆகவே பலகையில் உள்ளதை அவள் எனக்கு வாட்ஸப்பில் தட்டி அனுப்புவாள். அவர் சொன்னதை நான் அவளுக்குத் தட்டி அனுப்புவேன். 'மரம், வேர், மரவேர்' என்று அவளிடமிருந்து வரும். நடுவே மகர மெய் கெட்டது எந்த விதியால் என்று என்னிடமிருந்து போகும். இரண்டு பேர் சேர்ந்தால் உங்களுடைய ஒரு பாடம் தேறுகிறது. கட்டணத்தை மட்டும் தனித்தனியாகத்தான் கட்டுகிறோம்.

நேரில் வந்து சொல்லலாம் என்று கற்றல் மையத்துக்கும் ஒருமுறை போனோம். வாசலில் சாய்தளம் இருக்கிறது, மகிழ்ச்சி. அலுவலகம் இரண்டாம் மாடியில் இருக்கிறது. லிஃப்ட் இல்லை. நான் படி ஏறிவிடுவேன். சக்கர நாற்காலியில் வருகிறவர் சாய்தளத்தில் ஏறி, கீழ்த்தளத்துச் சுவரைப் பார்த்துவிட்டு இறங்கிப் போகலாம். சுவரில் 'எவரையும் விட்டுவிடாத கல்வி' என்று பெரிய பலகை இருக்கிறதாம். அதையும் அப்பாதான் வாசித்துச் சொன்னார். மையத்துக்குப் போக வேண்டாம், படி ஏற வேண்டாம் என்பதற்காகத்தானே இணையவழிக் கல்வியே வந்தது? வந்த பிறகு அந்தப் படிகளை லேப்டாப்புக்குள் கட்டி வைத்துவிட்டீர்கள்.

கோபித்துக்கொள்ள வேண்டாம். கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டமும், தகவல் தொழில்நுட்பம் எங்களுக்கும் எட்ட வேண்டும் என்கிற அதன் 42ஆம் பிரிவும் நீங்கள் அறியாதவை அல்ல. எண்முறைச் சேவைகளை அணுகுவது வாழ்வுரிமையின் பகுதி என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் தெரிந்திருக்கும். அந்த வழியில் போக எனக்கு விருப்பமும் இல்லை, வசதியும் இல்லை. தயவுசெய்து பாடத்தை எழுத்தாகத் தாருங்கள். வீடியோக்களுக்கு வசன வரிகள் சேருங்கள். மூடப்பட்ட தேர்வை, கண்ணைத் தேடும் கேமரா இல்லாமல், கூடுதல் நேரத்தோடு எனக்கு மறுபடி நடத்துங்கள். அடுத்த அகமதிப்பீட்டுக்கு இன்னும் ஐந்து வாரங்கள் இருக்கின்றன.

இந்த மடலுக்குப் பதில் அனுப்ப மனம் வந்தால் இன்னொரு வேண்டுகோள். கடிதத்தில் கையெழுத்திட்டு, முத்திரை குத்தி, ஸ்கேன் செய்து படமாக அனுப்பிவிடாதீர்கள். வெறும் மின்னஞ்சலாக, ஒருங்குறியில், இரண்டு வரி போதும். படமாக வந்தால் அதையும் அப்பாதான் தறியைப் பார்த்துக்கொண்டே வாசிக்க வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
இரண்டாம் ஆண்டு இளங்கலைத் தமிழ் மாணவி,
சோமனூர், கோவை மாவட்டம்