மிதிவெடி அபாயக் கல்விக்கு உதவுங்கள்: பச்சிலைப்பள்ளியிலிருந்து ஒரு வேண்டுகோள்

அன்புடையீர்,

கிளிநொச்சி மாவட்டத்தில் எங்கள் பச்சிலைப்பள்ளியில் உள்ள முகமாலை என்றதும் உங்களில் பலருக்கு ஏ9 வீதியும் பழைய சோதனைச் சாவடியும் ஞாபகம் வரும். அந்த முன்னரங்க மண்ணில் போர் முடிந்த பின்னும் வருடக்கணக்காக மிதிவெடி எடுக்கிறார்கள். எங்கள் ஊர்ப் பெண்கள் பலரும் வெயிலில் முழங்காலிட்டுக் கையால் மண்ணைச் சுரண்டுகிறார்கள். பி4 வகை வெடி பிளாஸ்டிக்கால் ஆனது. உள்ளங்கைக்குள் அடங்கும், இரும்பு சொற்பம், உலோகம் தேடும் கருவி எளிதில் சத்தம் போடாது. வேறென்ன செய்வது?

மிதிவெடிகளைத் தடை செய்யும் ஒட்டாவா சமவாயத்தில் இலங்கை 2017 டிசம்பரில் இணைந்தது. வெடி அகற்றி முடிக்க 2028 ஜூன் 1 வரை தவணை. இதற்கான பணம் பெரும்பாலும் அமெரிக்கா, பிரித்தானியா, ஜப்பான், நோர்வே போன்ற நாடுகள் தருவது. அந்த நன்றி எங்களுக்கு என்றும் உண்டு. ஆனால் எத்தனை சதுர மீற்றர், எத்தனை வெடி என்றுதான் அவர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டியிருக்கிறது. ஒரு பிள்ளை வெடியைத் தொடாமல் விலகிப் போனதை எந்தப் படிவத்தில் எழுதுவது? சமவாயத்தின் 6ஆம் உறுப்புரை விழிப்புணர்வுக்கும் உதவச் சொல்கிறது. என்றாலும் காசு குறைந்தால் முதலில் கை வைப்பது இதில்தான் என்பது எங்கள் அனுபவம். 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை 90 நாள் நிறுத்தி வைத்தபோது மிதிவெடிப் பணிகளும் சேர்ந்தே மாட்டிக்கொண்டன.

மண்டையோட்டுப் பலகை நிற்கும் இடத்துக்கு யாரும் போவதில்லை. எங்களுக்குப் பயம் பலகை இல்லாத இடங்களில்தான். வளவைத் துப்புரவாக்கிக் குப்பையைக் கூட்டி நெருப்பு வைப்பார்கள். அடியில் ஒரு எறிகணை கிடந்தால் சூட்டில் வெடிக்கும். பழைய இரும்புக்குக் காசு கிடைக்கும் என்று பெடியள் எதையாவது தட்டிப் பார்ப்பார்கள். 2009க்குப் பிறகு பிறந்த பிள்ளைக்குத் துருப்பிடித்த ஒரு குழாய் வெறும் குழாய்தான்.

அதனால் ஒரு வருடத்துக்குப் பாடசாலைகளிலும் வாசிகசாலைகளிலும் வெடிகளின் மாதிரிகளைக் காட்டி வகுப்பு நடத்தப் போகிறோம். பளைச் சந்தையில் தெருநாடகம் போடுவோம், விழுந்து கிடக்கும் பலகைகளை உரியவர்களுக்கு அறிவித்து மாற்றுவிப்போம். தொடாதே, வந்த வழியே திரும்பு, பெரியவர்களிடம் சொல், அவர்கள் கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவிக்கட்டும்: பாடம் இவ்வளவுதான், ஆனால் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். வகுப்பெடுப்பவர்கள் சம்பளம் கேட்கவில்லை. மாதிரிகள், அச்சுச் செலவு, ஆட்டோ, ஒலிபெருக்கி, நாடகக்காரருக்குச் சாப்பாடு எல்லாமாக ஆறு இலட்சம் ரூபா தேவை.

ஐந்நூறு ரூபாவும் எங்களுக்கு உதவிதான். புலம்பெயர்ந்த உறவுகள் ஒரு பாடசாலையின் வருடச் செலவைப் பொறுப்பெடுத்தால் பெரிய ஆறுதல். காசைக் குழுவின் வங்கிக் கணக்கில் மட்டும் போடுங்கள், தனியாட்கள் கையில் கொடுக்க வேண்டாம். பற்றுச்சீட்டு கட்டாயம் தருவோம். வரவு செலவு மாதாமாதம் வாசிகசாலை அறிவித்தல் பலகையில் ஒட்டப்படும், வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு அதன் படம் வட்ஸ்அப்பில் வரும்.

இங்ஙனம்,
குழுவினர்